உஷார்! வென்டிலேட்டர் ஓட்டையில் ஒரு கண்

இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யுங்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் உள்ளே வருகிறது என்று எண்ணுங்கள். ஊட்டிப் பக்கம் சோலூரில் எங்கள் வீட்டில் நான் எண்ணியபோது ஐந்து இடம் வந்தது. கதவுக்குக் கீழே ஒரு விரல்கடை இடைவெளி. தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஒரு சந்து. பழைய தாழ்ப்பாளைக் கழற்றியதில் கதவில் இரண்டு ஆணி ஓட்டை. ஐந்தாவது, வென்டிலேட்டர். ஓரடிக்கு ஓரடி சதுரம், கண்ணாடி கிடையாது, பனிக்காலத்தில் மட்டும் உரச்சாக்கைச் சுருட்டி அடைத்து வைப்போம்.

மலையில் வீடு கட்டுகிற முறையே இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. சரிவை வெட்டித்தான் இங்கே வீடு. முன்பக்கம் படி இறங்கிப் போக வேண்டும்; பின்பக்கமோ வெட்டிய மண்திட்டு கூரை உயரத்துக்கு நிற்கும். அந்தத் திட்டின் மேலே கேரட் தோட்டத்துக்கோ தேயிலைக்கோ போகிற ஒற்றையடிப் பாதை. சமவெளியில் ஒருவன் வென்டிலேட்டருக்குள் எட்டிப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே பாதையில் நடக்கிறவனின் முழங்கால் உயரத்தில் இருக்கிறது நம் வென்டிலேட்டர். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தால் போதும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெந்நீர் காய்ந்து, குளிக்கப் போகிற நேரம் ஐந்தரை, ஆறு. மலையில் மூடுபனி இறங்குகிற நேரமும் அதுதான். உள்ளே விளக்கு எரியும், வெளியே மங்கல். உள்ளே இருப்பவள் அவனுக்குத் தெரிவாள். அவன் அவளுக்குத் தெரியமாட்டான்.

எனக்குப் பதின்மூன்று வயதில் இது நடந்தது. சாக்கு விலகியிருந்த இடத்தில் ஒரு கண் தெரிந்தது. கண் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு ஈரப் பளபளப்பு, ஒரு இமைப்பு. கத்தினேன். ஆள் யாரென்று அம்மாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ராத்திரி நாலு பெரியவர்கள் வந்து உட்கார்ந்து டீ குடித்தார்கள். "பார்த்தா என்ன, கரைஞ்சா போயிட்டா? தொட்டானா? இல்லையே!" என்றார் ஒருவர். ஓட்டையை நன்றாக அடைத்துக்கொள்ளும்படி அம்மாவுக்குப் புத்தி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சாக்கை மாற்றிய அன்றோடு வழக்கு முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் பாவாடை கட்டிக்கொண்டுதான் குளித்தேன்.

அன்றைக்கு அவன் கண்ணில் பட்டது அவனோடு போயிருக்கும். இன்றைக்கு அதே ஓட்டையில் வைக்கப்படுவது கண் அல்ல, போன். அது பார்த்ததை மறக்காது. ஒன்றை நூறாக்கும், நூற்றை விற்கும், பத்து வருடம் கழித்து, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது திரும்பி வரும். போனைக்கூட இனி கையில் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. குண்டூசித் தலை அளவு லென்ஸ், நகத்தளவு மெமரி கார்டு. பேனா, சார்ஜர், கடிகாரம், பல்பு ஹோல்டர் என்று எந்த உருவத்திலும் கடையில் கிடைக்கிறது.

இது எங்கோ நடப்பதல்ல. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் பிளக் பாயிண்ட் உள்ளிட்ட இடங்களில் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. கைதானவர் விடுதியை நடத்தியவரே. 2024 நவம்பரில், நமக்கு மலையடிவாரத்து ஊர் மாதிரியான பொள்ளாச்சியில், அரசு மருத்துவமனைக் கழிப்பறையில் பேனா கேமரா; கைதானவர் பயிற்சி மருத்துவர். அடுத்த மாதமே ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே, தீர்த்தமாடி வருகிற பெண்கள் உடை மாற்றும் தனியார் அறையில் ரகசிய கேமரா. இரண்டு பேர் கைது. 2025 நவம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் கேமரா இருந்ததென்று தெரிந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் விடிய விடியத் திரண்டு நின்றார்கள். அதை வைத்ததாகக் கைதானவர் அங்கேயே தங்கியிருந்த ஒரு பெண். அவருடைய ஆண் நண்பரும் பிறகு பிடிபட்டார்.

விடுதிக்காரர், டாக்டர், அறைத்தோழி. பட்டியலைப் பாருங்கள். புதரில் ஒளிந்த முகம் தெரியாத ஆசாமி ஒருவரும் இல்லை. உள்ளே வர உரிமை உள்ளவர்கள்தான். இந்த இடங்களிலெல்லாம் சந்தேகப்பட்டுப் பார்த்தவர்கள் வளர்ந்த பெண்கள். ஒரு எட்டு வயதுக் குழந்தை இருந்திருந்தால்? பிளக் பாயிண்ட்டில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் அவளுக்கு அது கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். எனக்கு வயிறு எரிகிற இடம் அதுதான்.

ஒளிந்து பார்ப்பது, ரகசியமாகப் படம் பிடிப்பது இரண்டும் தனிக் குற்றம் என்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் எழுதப்பட்டதே 2013-ல்தான். டெல்லி பேருந்துக் கொடுமைக்குப் பிறகு நீதிபதி வர்மா குழு அறிக்கை தந்தது. அதையொட்டி அந்தச் சட்டத்தில் 354சி என்ற பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு. குளிக்கும்போது, கழிப்பறையில் இருக்கும்போது, உள்ளாடையோடு இருக்கும்போது, தன்னை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு பெண் நம்புகிற இடத்தில் அவளைப் பார்த்தாலோ படமெடுத்தாலோ பரப்பினாலோ குற்றம். முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு. மறுபடி செய்து தண்டிக்கப்பட்டால் மூன்று முதல் ஏழு. பழைய பிரிவில் 'ஆண்' என்றிருந்ததைப் புதிய சட்டம் 'எவரொருவர்' என்று மாற்றியது. கிருஷ்ணகிரி விவகாரத்தைப் பார்த்த பிறகு அந்த ஒரு சொல் எவ்வளவு தேவை என்று புரிகிறது.

சரி, குழந்தைக்கு? இந்தப் பிரிவில் குழந்தை என்ற பேச்சே இல்லை. சட்டத்தின் கணக்கில் 'பெண்' என்றால் எந்த வயதுப் பெண்ணும்தான். ஆக, நாற்பது வயது அம்மாவைப் பார்த்தாலும் ஆறு வயது மகளைப் பார்த்தாலும் தராசில் ஒரே எடைக்கல். முதல் முறை என்றால் ஜாமீனில் விடக்கூடிய குற்றமும்கூட. காலையில் பிடித்துக் கொடுத்தால் சாயங்காலம் அதே மண்திட்டுப் பாதையில் நடந்து வருவான். பையன் என்றால் இந்தப் பிரிவே பொருந்தாது. பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால்தான் 77.

"குழந்தைகளுக்குத்தான் போக்சோ இருக்கிறதே?" என்பீர்கள். நானும் அப்படித்தான் தெம்பாக இருந்தேன், படித்துப் பார்க்கும்வரை. 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஆணோ பெண்ணோ, 18 வயதுக்குக் கீழே எல்லோருக்கும் பொருந்தும். அதில் 11-ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைச் சொல்கிறது. 'பார்ப்பது' என்ற சொல் அங்கே வருகிறது. ஆனால் திரும்பத் திரும்ப அல்லது தொடர்ச்சியாகப் பின்தொடர்வது, பார்ப்பது, தொடர்புகொள்வது என்ற வரிசையில் வருகிறது. ஒரே ஒரு தடவை வென்டிலேட்டர் வழியே பார்த்தவன் அதற்குள் வருவானா என்று அவன் வக்கீல் கேட்பார். வந்தாலும் 12-ஆம் பிரிவின்படி தண்டனை மூன்றாண்டு வரை. குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒன்று கிடையாது. பெரியவர்களுக்கான 77-லாவது ஓராண்டு என்று ஒரு தரைமட்டம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்றே செய்த சட்டத்தில் அதுவும் இல்லை.

இன்னொன்று. தொட்டுச் செய்கிற குற்றங்களுக்கு போக்சோவில் ஒரு படி மேலான தண்டனை உண்டு. செய்தவர் போலீஸ், ஆசிரியர், விடுதிப் பொறுப்பாளர், சொந்தக்காரர் என்றால் தண்டனை ஏறும். நம்பிக்கையைக் கெடுத்ததற்கான கூடுதல் கணக்கு அது. தொடாமல் செய்கிற தொந்தரவுக்கு அந்த மேல்படியே இல்லை. விடுதி வார்டன் குளியலறையில் எட்டிப் பார்த்தாலும் வழிப்போக்கன் பார்த்தாலும் ஒன்றுதான். "தொட்டானா?" என்று அன்றைக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அதே கேள்வியைத்தான் சட்டமும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரே ஒரு வலுவான பிடி இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் காவல் நிலையத்துக்குப் போகாதீர்கள். படம் எடுத்திருந்தால் போக்சோ 13, 14 பிரிவுகள். பாலியல் இச்சைக்காகக் குழந்தையை எந்த வகை ஊடகத்தில் பயன்படுத்தினாலும், அது தனக்கு மட்டும் என்றாலும் பரப்புவதற்கு என்றாலும், குற்றம். 2019 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சம் ஐந்தாண்டு. இரண்டாம் முறை குறைந்தது ஏழாண்டு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஒரே ராத்திரி, ஒரே ஆள், ஒரே ஓட்டை. எஃப்ஐஆரில் 77 மட்டும் எழுதினால் ஜாமீன். 13-ஐயும் 14-ஐயும் சேர்த்தால் ஐந்தாண்டுக்குக் குறையாத வழக்கு. ஆகவே எழுதிக் கொடுக்கிற புகாரில் 'எட்டிப் பார்த்தான்' என்பதோடு நிறுத்தாதீர்கள். கையில் போன் இருந்ததா, எந்தப் பக்கம் நீட்டியிருந்தான், பிளாஷ் அடித்ததா, குழந்தையின் வயது என்ன என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். போனைக் கைப்பற்றித் தடயவியல் சோதனைக்கு அனுப்பும்படி கேளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள்.

இந்தப் பிடியும் கொஞ்சம் வழுக்கும் என்பதை மறைக்க மாட்டேன். "நான் குழந்தையைப் பயன்படுத்தவே இல்லையே, அவளுக்கு நான் அங்கே இருந்ததே தெரியாதே" என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. நான் கேட்பது சின்ன விஷயம்தான். குழந்தையை, பையனோ பெண்ணோ, ஒளிந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு தனிப் பிரிவு போக்சோவில் வேண்டும். ஒரு தடவை போதும் என்று இருக்க வேண்டும். ஜாமீனில் வர முடியாததாக, குறைந்தபட்சத் தண்டனையோடு இருக்க வேண்டும். பொறுப்பில் உள்ளவர் செய்தால் ஒரு படி மேலே போக வேண்டும். சிங்கப்பூரில் 2020 ஜனவரியிலிருந்து இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றம். இரண்டாண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி என்று எது வேண்டுமானாலும் கிடைக்கலாம். பாதிக்கப்பட்டது 14 வயதுக்குக் கீழே என்றால் சிறை கட்டாயம். அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. அங்கே பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்ற பேதமும் இல்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பெரிய தண்டனை அல்ல. ஆனால் குழந்தை வேறு என்று சட்டம் வாய்விட்டுச் சொல்கிறதே, அது பெரிது.

தண்டனையைக் கூட்டுகிற பேச்சு இங்கேயும் இல்லாமல் இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், செல்போனில் படம் பிடித்து மிரட்டி ஒரு மாணவிக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் மசோதாக்களை நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றமும் 2024 செப்டம்பர் 23-ல், குழந்தைகளின் ஆபாசப் படத்தைத் தனியாகப் போனில் வைத்துப் பார்ப்பது குற்றமில்லை என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதை 'ஆபாசப் படம்' என்று சொல்வதையே நிறுத்துங்கள், அது குழந்தை மீது நடந்த வன்முறையின் பதிவு என்றும் சொன்னது. அந்தத் தெளிவு சட்டப் புத்தகத்தின் இந்த மூலைக்கும் வர வேண்டும்.

ஆனால் தண்டனை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. எட்டிப் பார்க்கிறவன் பல நேரம் பதினாறு, பதினேழு வயதுப் பையன். பக்கத்து லைன் வீட்டுப் பையன், மாமன் மகன். அவனுக்குச் சிறார் நீதிச் சட்டம்தான். ஆலோசனையும் கண்காணிப்பும் தேவை. அவனைப் பத்து வருடம் உள்ளே தள்ளு என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பெரிய தண்டனை என்றதும் வீட்டுக்குள்ளேயே மூடி மறைப்பதும் கூடும். "நம்ம சித்தப்பா ஜெயிலுக்குப் போகணுமா?" என்று குழந்தையிடமே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகச் சட்டத்தைத் தளர்வாக விட்டுவிட முடியுமா? முடியாது. வளர்ந்த ஆளுக்கு ஒரு கணக்கு, சிறுவனுக்கு வேறு கணக்கு என்று பிரித்து எழுதத் தெரியாதவர்கள் அல்ல நம் சட்டக்காரர்கள்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நாம் உஷாராக இருக்க வேண்டிய இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் இடம், வீட்டு வாடகை அறைகள். கோடை சீசன் வந்தால் தலைகுந்தா தாண்டி இந்தப் பக்கம் கிளன்மார்கன்வரை, காலியாக ஒரு அறை இருந்தாலே அது காட்டேஜ் ஆகிவிடுகிறது. வருகிறவர்கள் குழந்தை குட்டிகளோடு வருகிற குடும்பங்கள். அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளைக் குளிக்க அனுப்பாதீர்கள். விளக்கை அணைத்து, போன் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். லென்ஸ் இருந்தால் ஒரு சின்ன நீலப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ மினுங்கும். கெய்சர், எக்ஸாஸ்ட் ஃபேன், கண்ணாடியின் சட்டம், ஷவருக்கு எதிர்ச்சுவர், காரணமில்லாமல் செருகியிருக்கிற சார்ஜர். படுக்கையையோ குளியலையோ நோக்கித் திரும்பியிருக்கும் எதையும் சந்தேகப்படுங்கள். இருட்டில் போனின் முன்பக்கக் கேமரா வழியே பார்த்தால் சில கருவிகளின் அகச்சிவப்பு விளக்கு ஊதாப் புள்ளியாகத் தெரியும். கண்ணாடி மேல் விரலை வைத்து இடைவெளி பார்க்கிற வித்தையை நம்பி இருந்துவிடாதீர்கள். அது பாதி நேரம் ஏமாற்றும். வைஃபை தேடிக் காட்டும் செயலிகளும் முழுப் பலன் தராது. எங்கள் பக்கம் சிக்னலே நாலு அடி நடந்தால்தான் கிடைக்கும். இங்கே வைக்கிறவன் நெட்டை நம்பமாட்டான், மெமரி கார்டை நம்புவான்.

அறை வாடகைக்கு விடுகிற நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படமோ பொருளோ கண்ணில் பட்டால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டியவர்கள் பட்டியலில் ஓட்டல், லாட்ஜ், ஸ்டூடியோக்காரர்களை போக்சோ 20-ஆம் பிரிவு பெயர் சொல்லி நிறுத்தியிருக்கிறது. "நமக்கெதுக்கு வம்பு" என்று கேமராவைப் பிடுங்கிக் குப்பையில் போட்டால், நீங்களும் குற்றவாளி.

இரண்டாவது இடம் பள்ளி, விடுதிக் கழிப்பறைகள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கழிப்பறைப் பக்கம் போய் நின்று பாருங்கள். வென்டிலேட்டருக்குத் தடுப்பு இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, கூரைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. எஸ்டேட் லைன்களில் பத்து வீட்டுக்குப் பொதுவான குளியலறைக்கும் இதே சோதனைதான். தாழ்ப்பாள் இல்லாத கதவைத் தண்ணீர் வாளி வைத்து முட்டுக்கொடுத்துக் குளிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். நிர்வாகத்திடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் நாலு அம்மாக்கள் சேர்ந்து போங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளின் காது. பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்லது. அந்த வகுப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. 2025 ஜூலையில் ஊட்டி அருகே ஒரு அரசுப் பள்ளியில் போலீசார் விழிப்புணர்வு வகுப்பு எடுத்தபோதுதான் மாணவிகள் வாய்திறந்து, ஆசிரியர் ஒருவர் போக்சோவில் கைதானார். அதுவரை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாடமும் தொடுதலோடு நின்றுவிடுகிறது. தூரத்திலிருந்து பார்த்தவனைப் பற்றி, போனை நீட்டியவனைப் பற்றிச் சொல்லலாம் என்றே பிள்ளைக்குத் தெரிவதில்லை. "என்னைத் தொடல, அதனால ஒண்ணும் நடக்கல" என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே சோறு ஊட்டும்போது, தலை பின்னும்போது சாதாரணமாகச் சொல்லிவையுங்கள்: நீ குளிக்கும்போது, டிரஸ் மாத்தும்போது யாரும் பார்க்கக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தா அது உன் தப்பு இல்ல, உடனே என்கிட்ட சொல்லு. பையனிடமும் சொல்லுங்கள். விளையாட்டுக்குக்கூட இன்னொரு பிள்ளையை அப்படிப் படமெடுக்கக் கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

நடந்துவிட்டால்? கேமரா கண்டால் தொடாதீர்கள், பிடுங்காதீர்கள். ஒரு துண்டைப் போட்டு மூடி, அது இருக்கிற இடத்தை மட்டும் ஒரு படம் எடுத்துவையுங்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு 112-ஐ அழையுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. மாணவர்கள் 14417-க்கும் பேசலாம். படமோ வீடியோவோ உங்களுக்கு வந்துவிட்டால், "பாருங்க எப்படி எடுத்திருக்கான்" என்று அக்காவுக்கும் அண்ணனுக்கும் அனுப்பாதீர்கள். கோபத்தில் அனுப்பினாலும் அது பரப்புவதுதான்; அதற்கும் வழக்கு உண்டு. போனை அப்படியே போலீசிடம் கொடுங்கள். இணையத்தில் ஏறிவிட்டால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியுங்கள், பெயர் சொல்லாமலும் பதியலாம். சமூக வலைதள நிறுவனத்துக்கும் எழுதுங்கள். இப்படிப்பட்ட படத்தை நீக்க 2021-ல் வந்த விதிகளே புகார் வந்த 24 மணி நேரம்தான் கெடு வைத்தன. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் படங்களுக்கென்றே 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அதற்கு அனுப்ப வேண்டியதில்லை. படத்தின் எண் அடையாளம் மட்டும் போய், பெரிய தளங்களில் அது ஏறாமல் தடுக்கும்.

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: சோலூர் வேறு, சோலூர்மட்டம் வேறு. நாம் ஊட்டி தாலுகா, அது கோத்தகிரிப் பக்கம். புகாரில் 'சோலூர் பேரூராட்சி, ஊட்டி வட்டம்' என்று தெளிவாக எழுதுங்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வீட்டிலேயோ அது விரும்புகிற இடத்திலேயோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் எஸ்ஐ வந்துதான் வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்பது போக்சோ 24. ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கவே கூடாது. எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். புகாரைப் பதியாமல் விட்டால் போலீஸ்காரருக்கும் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21-ஆம் பிரிவு. தெரிந்தும் சொல்லாமல் இருந்தவருக்கும் அதே பிரிவு; நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, காலில் விழவைத்து, ஐயாயிரம் வாங்கிக் கொடுத்து முடித்துவைக்கிற பெரியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

குழந்தையின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே போகக் கூடாது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்ஐஆரே கசிந்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. பெரிய ஊரிலேயே அப்படி. இங்கே "அந்த மேல் லைன் பொண்ணு" என்றால் போதும், கிளன்மார்கன்வரை தெரிந்துவிடும். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நியாயம் கேட்கிறேன் என்று தொடங்காதீர்கள்.

குளியலறை ஓட்டைகளை எண்ணிப் பார்த்ததற்கு மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஆணி ஓட்டைகளுக்குச் சிமென்ட், கதவடிக்கு ஒரு ரப்பர் பட்டை, கூரைச் சந்துக்குத் தகரம். வென்டிலேட்டருக்கு மரச்சட்டம் அடித்துச் சொரசொரப்பான கண்ணாடிச் சில்லுகளைச் சாய்வாக, ஆவி வெளியே போகிற மாதிரி, ஆனால் திட்டிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாத மாதிரி பொருத்தச் சொன்னேன். அவர் திட்டின் மேலே ஏறி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். "இவ்வளவு நாளா இது திறந்தா கிடந்துச்சுங்க அக்கா?" என்றார். ஆமாம் என்றேன். சில்லுகள் நான்கு மிஞ்சின. சாயங்காலம் கூலியை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, அதை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் வீட்டில் ஒன்பது வயதில் ஒரு பெண் இருக்கிறாள். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.